மேசைக்கு அந்தப் பக்கம்

1890களின் பிற்பகுதி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரி. பார்சி ருஸ்தம்ஜி என்ற வணிகர் பணம் கொடுத்தார். செயின்ட் எய்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் பூத் வைத்தியம் பார்த்தார். டாக்டர் எழுதுகிற மருந்தைக் கலந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல். காலையில் போய்வரும் நேரத்தையும் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்கினார். அலுவலக வேலையில் ஒரு பகுதியை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று விசாரிப்பது, அதை டாக்டரிடம் சொல்வது, சீட்டில் உள்ளதைக் கலந்து கொடுப்பது ஆகியவையே அவர் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள்.

அந்த வக்கீல் மோகன்தாஸ் காந்தி. கம்பவுண்டராக இருந்த அந்த நாட்களைத் தன் சுயசரிதையில் அவர் மன நிறைவோடு நினைவுகூர்கிறார். போயர் யுத்தத்தின்போது காயம்பட்டவர்களைக் கவனிக்க அந்த அனுபவம் உதவியது என்றும் எழுதுகிறார். மருந்து கலப்பதற்கு அவர் எந்தப் பள்ளியிலும் படித்திருக்கவில்லை. ஒரு டாக்டரின் பக்கத்தில் நின்றார், பார்த்தார், செய்தார். மருந்துத் தொழிலின் வரலாற்றில் இது விதிவிலக்கே அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு இதுதான் விதி. மருந்துக்கடைக்குள் ஓர் இடம் பிடித்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டால் பாதி மருந்தாளுநர் ஆகிவிட்டதாகப் பொருள். சிரமமெல்லாம் அந்த இடத்தைப் பிடிப்பதில்தான் இருந்தது. யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் இந்தத் தொழிலின் வரலாறு முழுக்கக் கண்ணில் பட்டுவிடும்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் அந்த இடம் பிடிக்கும் வயது 14 அல்லது 15. கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1757இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பௌக் என்பவரின் மருந்துக்கடையில் சேர்ந்தபோது அவருக்கு 14 வயது. அவருடைய அண்ணனும் அதே கடையில் தொழில் பழகியவர்தான். பயிற்சிக் காலத்திலேயே இறந்துபோனார். அண்ணன் இருந்த இடத்துக்குத் தம்பி வந்தான். பகலில் இடிப்பது, அரைப்பது, காய்ச்சி வடிப்பது. இரவில், கடையில் கிடந்த வேதியியல் புத்தகங்களைப் படித்துவிட்டு அவற்றில் உள்ள சோதனைகளைத் தானே செய்து பார்ப்பது. முதலாளி அதைத் தடுக்கவில்லை. அந்தக் காலத்து மருந்துக்கடை என்பது ஊரிலேயே அடுப்பும் வாலையும் தராசும் அமிலங்களும் ஒரே கூரைக்கடியில் இருந்த இடம். பல ஊர்களில் வேறு ஆய்வகமே கிடையாது.

எட்டு ஆண்டுகள் அங்கே. பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று கடை மாறிக் கடை. இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் ஷீலே ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்தார். 1774இல் குளோரினைத் தயாரித்தார். 1775இல் ஸ்வீடன் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது சட்டப்படி அவர் இன்னும் மருந்துக்கடை மாணவர்தான். மருந்தாளுநர் தேர்வையே அவர் 1777 நவம்பரில்தான் எழுதினார். கடைக்குள் காலடி வைத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களின் நிலைமைதான் கொஞ்சம் சங்கடம். தேர்வுக்கு முன்பே, 1775இல், அவர் போய் உட்கார்ந்த இடம் ஷேப்பிங் என்ற சிற்றூரில், கணவரை இழந்த ஒரு பெண்ணின் மருந்துக்கடை. பெர்லினிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை. 1786இல் 43 வயதில் இறந்தார். மரணப் படுக்கையில் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார், சொத்து அவருக்குச் சேரட்டும் என்று.

இப்படி எல்லோருக்கும் அமைந்துவிடவில்லை. தொழில் பழக இடம் கொடுக்கும் முதலாளிக்குப் பையனின் அப்பா பணம் கட்ட வேண்டும் என்பது பல நாடுகளில் நடைமுறை. வேதியியல் பாடத்தில் பெயர் அடிபடுகிற ஜெர்மனியின் லீபிக், சிறுவனாக ஹெப்பன்ஹைம் ஊர் மருந்துக்கடையில் சேர்ந்து ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மேல்மாடியில் வெடிமருந்தை வைத்து விளையாடி ஜன்னலைப் பெயர்த்துவிட்டதால் துரத்திவிட்டார்கள் என்பது எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. அப்பாவால் தொடர்ந்து பணம் கட்ட முடியவில்லை என்பதே உண்மையான காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். வெடித்த கதை பிழைத்துக்கொண்டது, கட்டாத பணம் மறந்துபோனது.

நார்வேயில் இதற்கு நேர்மாறான ஒரு கதை. வசதியாக இருந்து நொடித்துப்போன குடும்பத்தில் பிறந்த ஹென்ரிக் இப்சன், 16 வயது நிறைவதற்குள் 1844 ஜனவரியில் கிரிம்ஸ்டாட் என்ற துறைமுகச் சிற்றூரின் மருந்துக்கடையில் வந்து சேர்ந்தார். முதலாளி ரைமானின் நிலைமையும் சுமார்தான். சின்ன வீடு, முதலாளியின் பையன்களோடு ஒரே அறையில் படுக்கை, இரவில் கதவைத் தட்டினால் எழுந்து மருந்து கொடுக்க வேண்டியது இவர் பொறுப்பு. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது ஆசை. பகல் முழுவதும் கடை. படிப்புக்கும் எழுத்துக்கும் இரவுதான் மிச்சம். ரைமானின் கடை கைமாறியது, புது முதலாளியிடம் இப்சன் உதவியாளராகத் தொடர்ந்தார். தன் முதல் நாடகம் ‘கட்டிலினா’வை அந்த இரவுகளில்தான் எழுதினார். 1850இல் ஊரைவிட்டுப் போனவர் மருந்துத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. அவர் வேலை பார்த்த இரண்டாவது கடைதான் இன்று கிரிம்ஸ்டாட்டின் இப்சன் அருங்காட்சியகம்.

லண்டனில் இந்தத் தொழில் பழகுதலுக்கு ஓர் ஒழுங்கு 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மளிகை வணிகர்களின் சங்கத்துக்குள் அடங்கிக் கிடந்த மருந்து வணிகர்கள், அரசர் முதலாம் ஜேம்ஸிடம் சாசனம் பெற்று 1617இல் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். ஏழு ஆண்டுப் பயிற்சி, முடிவில் சோதனை. மிளகும் கிராம்பும் விற்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரல்ல என்று நிறுவ அவர்கள் கண்ட வழிகளில் அழகானது ஒன்று உண்டு. மூலிகை தேடும் நடைப்பயணம். கோடைக்காலத்தில் சங்கத்துப் பெரியவர்கள் பயிற்சிப் பையன்களைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு லண்டனுக்கு வெளியே போவார்கள். கண்ணில் பட்ட செடியைப் பிடுங்கிப் பெயர் சொல்ல வேண்டும். எந்தப் பாகம் மருந்து, எது விஷம் என்று சொல்ல வேண்டும். தாமஸ் ஜான்சன் என்ற மருந்துக்காரர் 1629இல் கென்ட் பகுதிக்குப் போய்வந்த அப்படியொரு பயணத்தைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

செடியைத் தேடிப் போவதோடு, செடியை ஓரிடத்தில் கொண்டுவந்து வைப்பதும் தேவைப்பட்டது. 1673இல் தேம்ஸ் நதிக்கரையில் செல்சி என்ற இடத்தில் சங்கம் ஒரு தோட்டம் போட்டது. பயிற்சிப் பையன்கள் மருந்துச் செடிகளை அடையாளம் கண்டு பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்போது காய்ந்த வேராகவும் பட்டையாகவும் கடைக்கு வந்த சரக்கில் கலப்படம் சர்வசாதாரணம். உயிரோடு இருக்கும் செடியைப் பார்த்திராதவன் ஏமாறுவான். 1722இல் நிலத்தின் சொந்தக்காரரான ஹான்ஸ் ஸ்லோன் அதை ஆண்டுக்கு 5 பவுண்டு வாடகைக்கு நிரந்தரமாகச் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். நிபந்தனை ஒன்று: ஆண்டுதோறும் தோட்டத்தில் வளர்ந்த 50 செடிகளை உலர்த்தி ராயல் சொசைட்டிக்கு அனுப்ப வேண்டும், மொத்தம் 2,000 சேரும் வரை. செல்சி தோட்டம் இப்போதும் இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

1815இல் வந்த சட்டம் ஐந்தாண்டுப் பயிற்சியையும், அதற்கு மேல் ஆறு மாத மருத்துவமனை அனுபவத்தையும் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் தேர்வெழுதியவர்களில் ஒருவர் ஜான் கீட்ஸ். எட்மன்டன் ஊரில் தாமஸ் ஹாமன்ட் என்பவரிடம் தொழில் பழகி, லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி முடித்து, 1816 ஜூலை 25 அன்று உரிமம் பெற்றார். வயது 20. தொழில் நடத்த 21 நிறைய வேண்டும். அந்த இடைவெளியில் கவிதை ஜெயித்துவிட்டது. இங்கிலாந்தில் இந்த மருந்துக்காரர்கள் மெல்ல மெல்ல வைத்தியர்களாகவே மாறிப்போனார்கள். கடையும் மேசையும் வேறொரு கூட்டத்தின் கைக்கு வந்தன. அவர்கள் 1841இல் தங்களுக்கென்று பார்மசூட்டிகல் சொசைட்டி தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டு பள்ளியும் வைத்தார்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டம், விஷ மருந்து விற்க வேண்டுமானால் தேர்வில் தேறிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சொன்னது.

இதுவரை பேசியதெல்லாம் பையன்களைப் பற்றி. பெண்களுக்கு அந்த மேசையின் அந்தப் பக்கம் எட்டவே எட்டாததா என்றால், அப்படியும் இல்லை. அப்பாவோ கணவரோ கடைக்காரராக இருந்தால் போதும், பெண் வேலை செய்துகொண்டுதான் இருப்பாள். செத்துப்போன கணவரின் கடையை எடுத்து நடத்தவும் செய்வாள். 1868 சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் தேர்வெழுதித் தகுதி பெற்ற முதல் பெண் ஃபேனி டீக்கன். 1870இல் தேறினார். அவருடைய அப்பா லெஸ்டர்ஷயரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். வீட்டுக்குள்ளேயே கடை இருந்ததால் இடம் தேடி அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த பெண்ணுக்கு வழக்குத் தொடுக்கும் மிரட்டல் தேவைப்பட்டது. எலிசபெத் காரெட்டை எந்த மருத்துவப் பள்ளியும் சேர்க்கவில்லை. மருந்துக்காரர் சங்கத்தின் சாசனத்தில் பெண்களை விலக்கும் விதி எதுவும் இல்லை என்று அவர் கண்டுகொண்டார். சாசனம் எழுதியவர்களுக்கு இப்படியொருத்தி வருவாள் என்று தோன்றியிருக்காது. மருந்துக்காரர் ஒருவரிடம் முறைப்படி பயிற்சிக்குச் சேர்ந்தார். பேராசிரியர்களுக்குத் தனியாகக் கட்டணம் கட்டிப் பாடம் கேட்டார். கடைசி நேரத்தில் சங்கம் பின்வாங்கப் பார்த்தபோது, வழக்குத் தொடுப்பேன் என்றார் அப்பா நியூசன் காரெட். 1865 செப்டம்பரில் உரிமம் கைக்கு வந்தது. உடனே சங்கம் விதியைத் திருத்தித் தனிப்பாடத்தின் வழியே வருகிறவர்களை ஏற்பதில்லை என்று கதவை மூடிக்கொண்டது. ஒருத்தி உள்ளே வந்ததும் சாத்தப்பட்ட கதவு அது.

பார்மசூட்டிகல் சொசைட்டியும் சளைத்ததில்லை. இசபெல்லா கிளார்க், ரோஸ் மின்ஷல் ஆகிய இருவரும் தேர்வுகளில் தேறிய பின்னரும் உறுப்பினராகச் சேர்க்க ஆண்டுக்கணக்கில் மறுத்து, 1879இல்தான் இறங்கிவந்தது. கிளார்க் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1876லேயே லண்டன் பாடிங்டனில் சொந்தக் கடை திறந்து, பயிற்சிக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தேர்வு மண்டபத்தில் உட்கார அனுமதி வாங்குவதைவிட, பயிற்சி தர ஒரு கடை இருப்பது பெரிய விஷயம். 1905இல் பெண் மருந்தாளுநர் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர்.

பெர்லினிலும் இதேபோல ஒரு பக்கவாசல் திறந்தது. பின்னாளில் பெரிய நாவலாசிரியரான தியோடர் ஃபோன்டானே 1836இல் மருந்துக்கடைப் பயிற்சியில் சேர்ந்து, 1847இல் முழு உரிமம் பெற்றவர். 1848இல் பெத்தானியன் மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த வேலை, அங்கிருந்த இரண்டு கிறிஸ்தவ சேவைச் சகோதரிகளுக்கு மருந்து தயாரிக்கக் கற்றுக்கொடுப்பது. ஜெர்மனியின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருந்தியலில் இடம் தருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சேவை என்ற பெயரில் இரண்டு பெண்கள் தராசைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஃபோன்டானே 1849இல் தொழிலை விட்டார். அவருடைய மாணவிகள் வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த மருந்தகத்தை மர அலமாரிகளும் ஜாடிகளுமாக இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சேவை என்ற பக்கவாசல் முதல் உலகப் போரில் அகலத் திறந்தது. இங்கிலாந்தின் டார்க்கீ நகர மண்டபத்தை ராணுவ மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். 1914 அக்டோபரில் அங்கே செஞ்சிலுவைத் தொண்டராகச் சேர்ந்த 24 வயதுப் பெண், சம்பளமில்லாமல் 3,400 மணி நேரம் வேலை செய்தார் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு சொல்கிறது. பிறகு மருந்தகத்துக்கு மாறினார்; ஆண்டுக்கு 16 பவுண்டு சம்பளம். மருந்து கொடுக்கும் உதவியாளர் தேர்வு எழுதுவதற்காக ஊரில் இருந்த ஒரு மருந்தாளுநரிடம் போய்ப் பழகினார். அவர் அகதா கிறிஸ்டி.

அந்த மருந்தாளுநரைப் பற்றி கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருப்பதை ஒவ்வொரு மருந்தியல் மாணவரும் படிக்க வேண்டும். ஒரு நாள் அவர் ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து தயாரித்துக் காட்டினார். கணக்குப் போடும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். மருந்தின் அளவு பத்து மடங்கு ஆகிவிட்டது. கற்றுக்கொள்ள வந்த பெண்ணுக்கு அது தெரிந்தது. ஊரறிந்த மருந்தாளுநரிடம் ‘நீங்கள் செய்தது தப்பு’ என்று எப்படிச் சொல்வது? கால் தடுக்கியதுபோலப் பலகையைத் தட்டிவிட்டு, விழுந்தவற்றை நன்றாக மிதித்துவிட்டார். மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அதே மனிதர் வேறொரு நாள் பையிலிருந்து ஒரு கரிய கட்டியை எடுத்துக் காட்டி, இது குராரே என்ற விஷம், இதை வைத்திருந்தால் தனக்குப் பலம் வந்ததுபோல இருக்கிறது என்றாராம். 1917இல் கிறிஸ்டி தேர்வில் தேறினார். மருந்தகத்தில் வேலை குறைவான நேரங்களில் யோசித்து எழுதிய முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. அதில் கொலை நடப்பது ஸ்டிரிக்னினால். மருந்துக் கரைசலில் என்ன சேர்த்தால் விஷம் அடியில் படியும் என்ற அறிவு கடையில் நின்றவருக்கே உரியது. 1961இல் எழுதிய ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலின் மருந்துக்கடைக்காரர், அந்த டார்க்கீ மனிதரின் நினைவிலிருந்து பிறந்தவர். தவறு செய்த ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது போலும்.

இந்தியாவுக்கு வருவோம். ஐரோப்பிய முறை மருந்துக்கடை இங்கே 1811இல் கல்கத்தாவில் பாத்கேட் என்பவரால் வந்தது. சென்னையில் வெள்ளைக்காரர் மருந்துக் கம்பெனிகள் எந்த அளவுக்குக் கொழித்தன என்று பார்க்க அண்ணா சாலைக்குப் போனால் போதும். பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று இன்று அழைக்கப்படுகிற கோபுரங்கள் வைத்த அந்தச் சிவப்பு மாளிகை, டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக 1897இல் எழும்பியது. ஆனால் அந்த மாதிரிக் கடைகளில் மேசைக்குப் பின்னால் நின்றவர் பெரும்பாலும் சீமையிலிருந்து வந்தவர். உள்ளூர்ப் பையனுக்குக் கிடைத்த இடம் ராணுவ மருத்துவமனை. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் மருத்துவமனைகளில் ஆங்கிலோ-இந்தியப் பையன்களும் உள்ளூர்ப் பையன்களும் கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் பழகினார்கள். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளி, இப்படி மருத்துவமனைக்குள் ஆளுக்கு ஆள் கற்றுக்கொண்டிருந்த இந்தக் கீழ்நிலைப் பணியாளர்களுக்கு ஒழுங்காகப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி என்ற பெரிய பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாட்டு மருந்துக்கடைகளோ இந்த ஏற்பாடு எதையும் சாராமல் தம் வழியில் ஓடிக்கொண்டிருந்தன. சரக்கைப் பெயர் சொல்லி எடுக்கவும், மணத்தை வைத்துப் பழையது புதியது பிரிக்கவும், கல்வத்தில் எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்று கைப்பக்குவத்தில் அறியவும் அங்கே ஒரே பள்ளிதான்: கடை. மயிலாப்பூர் கச்சேரி சாலையின் டப்பா செட்டி கடை போன்றவை தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தார் கையில் நடந்துவருவதற்கு இதுவும் காரணம்.

ஆங்கில மருத்துவம் ஊர் ஊராகப் பரவியபோது, டாக்டரோடு கூடவே வந்தவர் கம்பவுண்டர். அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு கம்பவுண்டரை நினைவு வைத்திருப்பார்கள். டாக்டரின் அறைக்கு அடுத்து மரத்தடுப்பு. அதில் ஒரு சின்ன ஜன்னல். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன பாட்டிலை நீட்ட வேண்டும். சிவப்பு, மஞ்சள் என்று ஏதோ ஒரு மிக்சர் அவுன்ஸ் கிளாஸில் அளக்கப்பட்டு உள்ளே போகும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டைப் பசை தடவிப் பாட்டிலின் மேல் ஒட்டுவார். பவுடர் என்றால் சதுரக் காகிதத்தில் மடித்த பொட்டலம். இந்தக் கம்பவுண்டரில் பலர் பாட்டில் கழுவுகிற பையனாக அங்கே வந்தவர்கள். கூட்டுவது, எடுபிடி வேலை, பாட்டில், பொட்டலம், பிறகு மிக்சர், கடைசியில் ஊசி என்று படிப்படியாக ஏறியவர்கள். டாக்டர் ஊரில் இல்லாத நாளில் அவரே டாக்டர். அந்த ஏற்றத்தில் பெருமையும் இருந்தது, ஆபத்தும் இருந்தது.

ஆபத்தைப் பற்றி அரசாங்கம் யோசித்தது 1930இல். சந்தையில் போலி மருந்தும் தரமற்ற மருந்தும் பெருகிவிட்டன என்ற புகாரின் பேரில், கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. நாடு முழுவதும் சுற்றி 1931இல் அது கொடுத்த அறிக்கை, மருந்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பதோடு, மருந்தைக் கையாளும் ஆட்களுக்கு ஒழுங்கான படிப்பும் பதிவும் வேண்டும் என்றது. 1932இல் மகாதேவ லால் ஷ்ரோஃப், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அதன் நிறுவனர் மாளவியாவின் ஆதரவோடு மருந்தியல் பாடத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பி.பார்ம் பட்டமானது. 1940இல் மருந்துச் சட்டம். 1948 மார்ச்சில் பார்மசி சட்டம்.

1948 சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. இனிமேல் படித்தவர்தான் மருந்தாளுநர் என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஜன்னல்களுக்குப் பின்னால் நிற்பவர்களை என்ன செய்வது? 31ஆவது பிரிவு அவர்களுக்காக ஒரு வழி விட்டது. மருத்துவமனையிலோ, டாக்டர் சீட்டுக்கு வழக்கமாக மருந்து கொடுக்கும் வேறிடத்திலோ ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர் என்றால், முதல் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம். நின்ற ஆண்டுகளே படிப்பாக எண்ணப்பட்டன. அந்தப் பதிவேடு மூடியதும், அடுத்து வருகிறவர் டிப்ளமோ காட்ட வேண்டும். 1976இல் வந்த திருத்தம் இன்னொரு ஜன்னலைத் திறந்தது. பிரிவினையால் இடம்பெயர்ந்தவர்களோடு, பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளில் நடந்த கலவரங்களால் தாயகம் திரும்பிய இந்திய வம்சாவளியினருக்கும் பதிவேட்டில் இடம் தர அது வகை செய்தது. ரங்கூனிலோ கண்டியிலோ மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் கழிந்த வாழ்க்கையைச் சென்னையில் ஒரு சான்றிதழாக மாற்றிக்கொள்ள ஒரு வழி பிறந்தது. சட்டப் புத்தகத்தில் இதை வாசிக்கும்போது வறட்டுப் பிரிவு எண்ணாகத்தான் தெரியும்; கப்பலில் வந்திறங்கிய ஒருவருக்கு அது சோறு.

பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்ற 42ஆவது பிரிவு நாடு முழுவதும் அமலுக்கு வர 1984 ஆயிற்று. அதற்குள் மிக்சரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் மாத்திரையாகவும் சிரப்பாகவும் அடைத்து அனுப்பத் தொடங்கியபின் கலப்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பவுண்டர் என்ற பெயரும் மங்கிப்போனது.

இருந்தும் பழைய தொழில் பழகுதலைப் புதிய படிப்பு முழுசாகக் கைவிடவில்லை. இந்திய பார்மசி கவுன்சிலின் விதிகளின்படி, டி.பார்ம் மாணவர் இரண்டு ஆண்டுப் பாடம் முடித்தபின் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் மருத்துவமனை மருந்தகத்திலோ உரிமம் பெற்ற மருந்துக்கடையிலோ பயிற்சி பெற வேண்டும். அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழிய வேண்டும். சீட்டை வாசிக்க, அளவைச் சரிபார்க்க, சட்டம் கேட்கும் பதிவேடுகளை எழுத, மருந்தைச் சரியாகச் சேமிக்க என்று என்னென்ன கற்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. பி.பார்ம் மாணவருக்குத் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ 150 மணி நேரம், ஃபார்ம்.டி என்றால் ஓர் ஆண்டு முழுக்க மருத்துவமனை. ஜெர்மனியில் மாணவர்கள் எட்டு வாரம் ஒரு பயிற்சியும், உரிமத்துக்கு முன் ஓர் ஆண்டு இன்னொரு பயிற்சியும் செய்கிறார்கள். அமெரிக்காவில் படிப்பின் தொடக்கத்தில் 300 மணி, கடைசி ஆண்டில் 1,440 மணி. போதாதென்று, கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே ஏதாவது ஒரு மருந்தகத்தில் நின்று பார்த்த அனுபவம் இருந்தால் நல்லது என்று அங்கே மாணவர்கள் கடை கடையாகக் கேட்டு அலைகிறார்கள். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், கடைக்காரர்களில் பலர் இடம் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

இந்திய விதியில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கடையில் ஒரே ஒரு பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்தால் இரண்டு மாணவர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது. கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் ஒரு மாணவர். காரணம் நியாயமானது. ஒருவரே எத்தனை பேருக்குக் கற்றுத்தர முடியும்? ஆனால் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் பாடம் முடித்து வெளியே வரும் மாணவர்களில் மூன்றாமவர் அடுத்த கடைக்குத்தான் போக வேண்டும். படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, கடைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் 500 மணி நேரத்தை முடிப்பதும் நடக்கிறது என்பது தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. ஷீலேவைப் போல இருபது ஆண்டு நிற்கச் சொன்னால் அநியாயம். ஒரு மணி நேரம்கூட நிற்காதவர் கையில் இன்சுலினைக் கொடுப்பதும் அநியாயம்தான்.

நிஜமாகவே நிற்கிற மாணவருக்கு முதல் வாரம் உரலும் இல்லை, மிக்சரும் இல்லை. அலமாரியில் மருந்துகளைக் காலாவதித் தேதிப்படி அடுக்கி, முந்தித் தீர்வதை முன்னால் இழுத்து வைக்கச் சொல்வார்கள். குளிர்பெட்டி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்துக் குறிக்கச் சொல்வார்கள். கையெழுத்துப் புரியாத சீட்டை ஊகித்து எடுக்காமல் டாக்டருக்கு போன் செய்து கேட்கச் சொல்வார்கள். 2014 மார்ச் முதல் அமலில் இருக்கும் எச்1 அட்டவணையில் வரும் வீரிய ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு என்று தனி நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. பல கடைகளில் அந்த நோட்டை எழுதுவது, அன்றைக்கு யார் பயிற்சிக்கு நிற்கிறாரோ அவருடைய வேலை.